சரக்கு அரைக்காத வீடு

மிளகு வறுக்கிற வாசத்தை ஊருக்குத் தெரியாமல் ஒளிக்கலாம் என்று வாவிக்கு மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில் ஒருத்தி நம்பினாள் என்றால், அது எங்கள் பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளைதான். மனுசி லேசுப்பட்டவள் இல்லை. வயல்காரப் போடியாரோடு நேருக்கு நேர் நின்று தன் பங்கு நெல்லைப் பேசி வாங்குகிறவள். ஆனால் பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்தால் எந்தக் கெட்டிக்காரிக்கும் புத்தி தடுமாறும். எனக்கு அவளில் இன்றைக்கும் கோபம்தான்.

முப்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம். எங்கள் பக்கத்துக்குக் காய்ச்சல் புதிதில்லை. மழை விட்டு வெள்ளம் வடிந்தால் வரும், ஒன்றிரண்டு பேரைக் கொண்டுபோகும், தானாக அடங்கும். அந்த வருடம் அடங்கவில்லை. வட்டை, அதுதான் வயல்வெளி, முழுக்க வேளாண்மை விளைந்து சாய்ந்து கிடக்கிறது, வெட்டுவதற்கு ஆள் இல்லை. காலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கினவன் பின்னேரம் வேர்த்து எழும்பி, அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவான். போகாவிட்டால் நெல் நிலத்தில் கொட்டிவிடுமே.

இலட்சுமிப்பிள்ளைக்கு ஒரே மகள் இராசாத்தி. எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அப்படி வந்தவன் வினாயகமூர்த்தி. ஊரில் எல்லோருக்கும் மூர்த்தி. நல்ல வேலைகாரன், வாய் மட்டும் இல்லை. மாமியார் நில் என்றால் நிற்பான், இரு என்றால் இருப்பான். இராசாத்தி அவனை வைத்துச் சிரிப்பாள். வயிற்றில் பிள்ளை அசைந்தால் அவன் கையைப் பிடித்து வைத்து, "கதையுங்க, நீங்க கதைக்காட்டி இதுவும் உங்களப் போல ஊமையாப் பொறக்கும்" என்பாளாம். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அந்தச் சிரிப்புக் கேட்கும்.

நிறைமாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. இரண்டு முறை விட்டுவிட்டு நடுங்கியது. மூன்றாம் முறை நடுக்கத்தோடு வலியும் வந்தது. மருத்துவிச்சி தெய்வானை என்னென்னவோ செய்து பார்த்தாள். பிள்ளை அழவில்லை. இலட்சுமிப்பிள்ளை அதை வெள்ளைத் துணியில் சுற்றி மருமகனின் கையில் கொடுத்தாள். அவன் பனையடிக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, ஆற்றில் முழுகிவிட்டு வந்து வாசலில் குந்தினான். எங்கள் ஊர் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் சரக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும். மிளகு, திப்பிலி, சுக்கு, மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து, உள்ளிப்பூண்டு சேர்த்து அம்மியில் மை போல அரைத்து, பால்சுறாவோ முருங்கைக்காயோ போட்டுக் குழம்பாக ஆணம் காய்ச்சிச் சோற்றோடு கொடுப்பார்கள். இதில் மிளகுதான் ராசா. அது வயிற்றுப் புண்ணை ஆற்றும், கெட்ட இரத்தத்தை வெளியே தள்ளும், குளிர் ஏறாமல் காக்கும், பால் ஊற வைக்கும் என்பது தெய்வானையின் வாய்ப்பாடு. இருமலுக்கு மிளகும் தேனும், பல்வலிக்கு மிளகும் உப்பும், செரியாத வயிற்றுக்கு மிளகுத்தண்ணி என்று மற்ற நாளிலும் எங்களுக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் பிள்ளைப்பெற்ற வீட்டில் மிளகு வறுக்கிற வாசம் வேறு மாதிரி. தும்மல் வரும், கண் எரியும், அதோடு ஒரு சந்தோசமும் வரும். யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. வாசம் வந்தால் பெண்டுகள் செய்த வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளை பார்க்கப் புறப்படுவார்கள்.

இலட்சுமிப்பிள்ளை வீட்டில் மிளகு வறுபடவில்லை.

காத்தான்குடி ஆதம்பாவா வந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. அவர் தோணியேறி வந்து ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவர். ஏழாம் மாதத்திலேயே அவரிடம் சொல்லி வைத்துவிட்டால், கணக்காகப் பிள்ளை பிறக்கிற காலம் பார்த்து, பழைய மிளகு கலக்காமல் மலைநாட்டு மிளகாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கும் பன்புல் பையும் குடையுமாக வந்து படலையைத் திறந்தார். கையில் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்ட ஒரு துணி. அவருடைய பெண்சாதி தன் கையால் நெய்து கொடுத்தனுப்பியதாம், சிவப்புக் கரை போட்டது. வந்த மனிசன் சிரித்துக்கொண்டே பிள்ளையின் சத்தத்தைக் காணவில்லையே என்று கேட்டிருக்கிறார். இலட்சுமிப்பிள்ளை அவரைக் கையைக் காட்டி நிறுத்தி, மாட்டடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள்.

ஆதம்பாவா அந்தத் துணியை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். கடைசியில் அது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஆகிவிட்டது. அதை மடிக்குள் வைத்துக்கொண்டு, மிளகுப் பொட்டணத்தை மட்டும் திண்ணமாக அவள் கையில் கொடுத்தார்.

"இது கிடக்கட்டும் அக்கா. அல்லாட நாட்டம் அப்பிடி. ஆனாப் பெத்த உடம்பு பெத்த உடம்புதானே, அதுக்குச் செய்யிறதச் செய்யத்தான் வேணும்."

அவள் அதை வாங்கி, நெல் போட்டு வைக்கிற அட்டுவத்துக்குள் ஆழமாகப் புதைத்தாள்.

ஏன் அரைக்கவில்லை என்று தெய்வானை வந்து சண்டை போட்டாள். இலட்சுமிப்பிள்ளை முதலில் ஊர்ச் சனத்தைக் காரணம் சொன்னாள். வாசம் போனால் பெண்டுகள் வருவார்கள், வந்து பிள்ளையில்லாத வீட்டைப் பார்ப்பார்கள், மகள் அதைத் தாங்கமாட்டாள் என்றாள். பிறகு வேளாண்மையைச் சொன்னாள். பிள்ளை பிறந்த வீடு என்றால் துடக்கு, அதாவது தீட்டு. துடக்குக்காரன் களவெட்டியில், அதுதான் சூடு மிதிக்கிற களத்தில், கால் வைக்கக்கூடாது. மருமகன் வீட்டில் குந்திவிட்டால் வெட்டின கதிரை யார் மிதிப்பது? இரண்டையும் தெய்வானை கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில்தான் உண்மைக் காரணம் வந்தது.

"பால் ஊறுமேகா. சரக்குத் திண்டாப் பால் ஊறும். ஊறின பால அவள் ஆருக்குக் குடுக்கிற?"

தெய்வானையும் குந்தியிருந்து அழுதுவிட்டுப் போனாள். போகும்போது, பால் வற்ற மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் வேலியோரத்து மல்லிகையைத்தான் இலட்சுமிப்பிள்ளை பறித்துக்கொண்டு போவாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஆக, வீட்டில் பிள்ளையும் பிறக்கவில்லை, துடக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. மூர்த்தி களவெட்டிக்குப் போனான். மாடுகளை வளைத்துச் சூடு மிதித்தான். மாலையில் உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்து மனைவியின் பக்கத்தில் நிற்பான். அந்தத் தூசியைக் கண்டால் இராசாத்தி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். தான் செய்த பிழை என்ன என்று அந்த அப்பாவிக்கு விளங்கவில்லை. எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே விளங்கியது, ஆனால் யார் என்னிடம் கேட்டார்கள்?

இராசாத்தி சாப்பிடவில்லை. கஞ்சி கொடுத்தால் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளுவாள். காய்ச்சல் விட்டபாடில்லை. அடிவயிறு நோகிறது என்று மட்டும் ஒருநாள் சொன்னாளாம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாயில் ஒரு சேலை கிடக்கிற மாதிரிக் கிடந்தாள். இப்படியே போனால் மகளும் போய்விடுவாள் என்று இலட்சுமிப்பிள்ளைக்குப் பயம் பிடித்தது.

காய்ச்சல் மருந்து கொடுக்க வாரத்துக்கு ஒருமுறை அப்போத்திக்கரி ஐயா தோணியில் வருவார். யாழ்ப்பாணத்து மனிசர், நாவற்குடாவில் குடியிருந்தார். ஆலமரத்தடியில் மேசை போட்டுக் குயினைன் கலந்த கசப்புத் தண்ணியை எல்லோருக்கும் ஊற்றுவார். இலட்சுமிப்பிள்ளை அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவர் கைநாடி பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார். இரத்தம் குறைவு, வயிற்றிலும் அழற்சி இருக்கிறது, ஆனால் தப்பலாம் என்றார். மருந்துப் போத்தல் கொடுத்தார். அப்போதுதான் இலட்சுமிப்பிள்ளை மிளகைப் பற்றிக் கேட்டாள். அது புண்ணை ஆற்றுமா? ஆற்றுமென்றால், பால் ஊறாமல் புண்ணை மட்டும் ஆற்ற ஒரு வழி உண்டா?

அந்த மனிசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்கவில்லை, நக்கல் பண்ணவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அம்மா, மிளகிலை ஒரு சத்து இருக்கு. நூறு வரியத்துக்கு முந்தி வெள்ளைக்காரர் அதைப் பிரிச்செடுத்துக் காய்ச்சலுக்குக் குடுத்துப் பாத்தவை. சிலருக்குக் கேட்டதெண்டு எழுதியிருக்கு, சிலருக்குக் கேக்கேல்லையெண்டும் எழுதியிருக்கு. பிறகு குயினைன் கைக்கு வர அதை விட்டிட்டினம். பசியைத் தூண்டும், சமிபாட்டுக்கு நல்லது, சளியை இளக்கும். இவ்வளவும் நாங்களும் ஒத்துக்கொள்ளுறம். கருப்பைப் புண்ணை ஆத்துமோ, பால் சுரக்க வைக்குமோ எண்டு ஒருத்தரும் சோதிச்சதா நான் படிக்கேல்லை. சோதிக்காததை ஓமெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது."

இலட்சுமிப்பிள்ளைக்கு எரிச்சல் வந்துவிட்டது. தெரியாது என்று சொல்லவா இவ்வளவு தூரம் தோணியேறி வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. வெறும் வயிற்றில் மிளகு எரிக்கும், கொடுப்பதென்றால் சோற்றோடு கொடுக்க வேண்டும் என்றார். வயிற்றுக்குள் சாப்பாடு போகாவிட்டால் தன்னுடைய மருந்தும் வேலை செய்யாது என்றார். படலைக்கு வெளியே போனவர் திரும்பிப் பார்த்து, பிள்ளை எதை ஆசைப்படுகிறாள் என்று கேட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல வார்த்தை. கேட்டாளா? கேட்கவில்லை. இலட்சுமிப்பிள்ளைக்கு மகள் எப்போதும் இடுப்பில் இருக்கிற பிள்ளைதான். அவளுக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்பது மனுசியின் எண்ணம். பாலை மல்லிகைப்பூ பார்த்துக்கொள்ளும், புண்ணை மிளகு பார்த்துக்கொள்ளும், வாசம் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று திட்டம் போட்டாள். பொட்டணத்தை அட்டுவத்துக்குள் இருந்து தோண்டி எடுத்தாள். பாதி மிளகையும் வறுக்கிற சட்டியையும் சிறிய உரலையும் சாக்கில் கட்டி மருமகனிடம் கொடுத்து, ஆற்றங்கரைத் தோணிக் கொட்டிலில் வைத்து வறுத்து இடித்துக் கொண்டுவரச் சொன்னாள். அதைப் பனங்கட்டியோடு பிசைந்து வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

மூர்த்திக்கு நெல் வெட்டத் தெரியும், வலை வீசத் தெரியும், மிளகு வறுக்க எங்கே தெரியும்? மூன்று கல்லை வைத்து, கண்ணா மரத்துத் தடியை நிறையப் போட்டு நெருப்பு மூட்டியிருக்கிறான். சட்டி காய்ந்து புகைந்த பிறகு மிளகைக் கொட்டியிருக்கிறான். வாடைக்காற்றுக் காலம் அது. ஆற்றின் மேலால் வருகிற காற்று நேராக ஊருக்குள்தான் வரும். கரையில் மிளகு வறுத்தால் கடைசி வீடு வரைக்கும் மணக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலட்சுமிப்பிள்ளைக்கு மட்டும் அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊரே தும்மியது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவள்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் நெல் புடைத்தாள்.

நான் அந்த நேரம் ஒரு கோப்பை இளநீரோடு இராசாத்தியிடம் போயிருந்தேன். வாசம் ஓலைச் சுவருக்குள்ளால் வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். மூக்கை விரித்து, கண்ணை மூடி அந்த வாசத்தை இழுத்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த ஏக்கத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. பசித்த பிள்ளை அடுத்த வீட்டுச் சோற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆத்தடியில ஆருக்குகா புள்ள பொறந்திரிக்கு?" என்று கேட்டாள். "சரக்கு வறுக்கிற வாசம் வருகுது."

நான் தாயைப் பார்த்தேன். இலட்சுமிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். ஒருத்தருக்கும் இல்லை, யாரோ கறிக்குத் தாளிக்கிறார்கள் என்றாள்.

"கறிக்கு வறுக்கிறதில்ல அம்மா இது. ஆரோ பெத்திரிக்காள். நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு வாசம் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் இளநீரைக் குடிக்கக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூர்த்தி வந்தான். முகமெல்லாம் கரி. கண் இரண்டும் செக்கச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அது புகையாலா, அழுததாலா என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. மாமியார் உள்ளே போய் வாழைப்பழத்தைத் தயார் செய்து அவன் கையில் கொடுத்து, நீயே ஊட்டு மகன், உன்னிடம் வாங்குவாள் என்றாள். அவன் பக்கத்தில் குந்தி பழத்தை அவள் வாயருகே கொண்டுபோனான். இராசாத்தி பழத்தைப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். விரலிலே, உள்ளங்கையிலே, முழங்கை வரைக்கும் மணந்து பார்த்தாள்.

"நீங்களா வறுத்த?"

அவன் தலையாட்டினான்.

"எனக்கா?"

அதற்கும் தலையாட்டினான்.

"அப்ப என்னத்துக்கு ஆத்தடியில கொண்டுபோய் வறுத்த? நான் என்ன களவெடுத்தா பெத்த?"

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். பிள்ளை போன நேரத்திலிருந்து அழாதவள், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். இலட்சுமிப்பிள்ளை ஓடிவந்து பிடித்தாள். வேண்டாம் மகள், காய்ச்சல் கூடும் மகள் என்று பதறினாள். மூர்த்திக்குக் கையில் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான் அதை வாங்கி வெளியே வைத்தேன்.

அழுகை அடங்கின பிறகு இராசாத்தி தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குரல் அவ்வளவு சத்தமாக இல்லை.

"எனக்கு ஒண்டும் ஒளிச்சுத் தரவேணாம் அம்மா. சரக்கு அரைச்சுத் தாங்க. இந்த வளவில வெச்சு, எங்கட அம்மியில அரைச்சுத் தாங்க. பத்து மாதம் சுமந்து நானும் பெத்தவதானே. இவரு களவெட்டிக்குப் போறாரு, நீங்க கஞ்சி காச்சிறீங்க, ஒருத்தரும் வரல்ல, ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. ஒண்டுமே நடக்காதமாதிரி இரிக்கு."

"பால் ஊறுமே மகள்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"ஊறட்டும். ஊறி வத்தட்டும். அது அந்தப் புள்ளைக்கெண்டு வந்த பால்தானே. அது வரக்கூடாதெண்டு எனக்கு ஏன் பூவக் கட்டுறீங்க?"

இலட்சுமிப்பிள்ளை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தில் அம்மியைக் கழுவும் சத்தம் கேட்டது. மிச்ச மிளகையும் திப்பிலியையும் கொட்டி, நடு முற்றத்தில் அடுப்பு மூட்டி, மூடி மறைக்காமல் வறுத்தாள். மூர்த்தி கருகவிட்ட மாதிரி இல்லை, அளவான சூட்டில், மிளகு வெடித்துத் துள்ளுகிற பதத்தில் இறக்கினாள். கண்ணீரையும் மூக்கையும் புறங்கையால் துடைத்துக்கொண்டு அரைத்தாள். அவள் அரைத்த வேகத்தில் அம்மி ஆடியது.

மூர்த்தி என்ன செய்தான் தெரியுமா? பேசத் தெரியாத மனிசன் படலைக்குப் போய், தெருவால் வயலுக்குப் போன ஒருவனை நிறுத்தி, போடியாரிடம் சொல்லிவிடச் சொன்னான்.

"எனக்குத் துடக்கு. களவெட்டிக்கு வரமாட்டன்."

சொல்லிவிட்டு வந்து, உடம்பில் இருந்த வைக்கோல் தூசி போகக் கிணற்றடியில் முழுகினான். பிறகு இராசாத்தியின் பாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

வாசம் இந்த முறை வளவிலிருந்து போனது. பெண்டுகள் உடனே வரவில்லை. வேலிக்கு மேலால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போவதா, விடுவதா? போனால் என்ன சொல்வது? சாவீட்டுக்கு ஒரு பேச்சு இருக்கிறது, பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு ஒரு பேச்சு இருக்கிறது, இந்த வீட்டுக்கு எந்தப் பேச்சு? முதலில் எங்கள் அம்மா புறப்பட்டாள். பிள்ளை பார்க்கப் போகிறபோது கொண்டுபோவது போலவே பெட்டியில் முருங்கைக்காயும் உள்ளியும் எடுத்துக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள். அவளைக் கண்டு தெய்வானை வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வீட்டுக்குள் வந்து சுவரோரமாக வரிசையாகக் குந்தினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இலட்சுமிப்பிள்ளை சுடுசோற்றில் ஆணத்தை ஊற்றி மகளின் முன்னால் வைத்தாள். இராசாத்தியை மூர்த்தி தாங்கி எழுப்பி உட்கார வைத்தான். அவள் சோற்றைத் தொடவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ எதையோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவளைப் போல.

எங்கள் அம்மாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பிள்ளைப்பெற்ற வீட்டிலும் கேட்பதைக் கேட்டுவிட்டாள்.

"என்ன புள்ளகா பெத்த?"

இலட்சுமிப்பிள்ளை கையை ஓங்கிக்கொண்டு அம்மாவை மறிக்க வந்தாள். அதற்குள் இராசாத்தி பதில் சொல்லிவிட்டாள்.

"பொம்புளப் புள்ள மாமி."

"ஆர மாதிரி?"

"இவர மாதிரி. நெத்தி, மூக்கு எல்லாம் இவர்தான். தலை நிறைய மயிர்." மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள். "வாய் மட்டும் என்ட வாய்."

சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.